றலியா மச்சியின் இயர்போன்

என்னுடைய அலுமாரியில் நகைப்பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இயர்போன் இருக்கிறது. இரண்டு காதுக்கும் கறுப்பு ஸ்பொஞ் வைத்தது, தலைக்கு மேலால் வளைகிற மெல்லிய தகடு. ஸ்பொஞ்சை மூன்று முறை மாற்றியாயிற்று. வயர் அன்று வாங்கிய அதே வயர். என் பிள்ளைகள் மாதத்துக்கு ஒன்று வாங்கி மாதத்துக்கு ஒன்று எறிகிறார்கள். இதைக் காட்டி நான் பேச்செடுத்தால், "உம்மா, மடவளை முழுக்கத் தெரிஞ்ச கதை" என்று எழும்பிப் போய்விடுவார்கள். போகட்டும். கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

இதை வாங்கியவர் றலியா மச்சி, என் நானா, அதாவது அண்ணன், பாரூக்கின் மனைவி. கம்பளையிலிருந்து மடவளையில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது எண்பத்து மூன்றில், ஜூலைக் கலவரத்துக்கு இரண்டு மாதம் முந்தி. அதிகம் பேசமாட்டார். ஆனால் எதையும் சோதிக்காமல் வாங்கமாட்டார். சட்டி வாங்கினால் தட்டிப் பார்ப்பார். துணி வாங்கினால் ஓரத்தில் ஒரு நூலை உருவி இழுத்துப் பார்ப்பார். கோழி வாங்கினால் அதன் கண்ணை உற்றுப் பார்ப்பார், கோழியே வெட்கப்படும். என் நானாவை மட்டும் அப்படிப் பார்க்க அவருக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை, அது நானாவின் அதிர்ஷ்டம்.

நானா கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். அந்த ஜூலையில் கடை எரிந்தது. முதலாளி தமிழர், குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். ஒரு வருடம் நானா அங்குமிங்கும் நின்று ஏதோ விற்றுப் பார்த்தார். எண்பத்தைந்து ஜனவரியில், மகள் ரபீகா தொட்டிலில் கிடக்கும்போது, சவூதிக்கு டிரைவராகப் போனார்.

போனது எனக்காக என்று உம்மா நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். வாப்பா மௌத்தாகிப் போய், வீட்டில் உழைக்க நானா மட்டும்தான் மிச்சம். எனக்குத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். வீட்டுக்கு மேல்மாடி கட்டி என் பெயரில் சீதனமாக எழுதினால்தான் நாள் குறிப்பார்களாம். நானா இரண்டு வருட ஒப்பந்தம் ஒன்று முடித்து இரண்டாவதில் இருந்தும் மாடிக்குத் தூண் மட்டும்தான் எழும்பியிருந்தது. கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. அதில் நாங்கள் உடுப்புக் காயப்போட்டோம்.

நானாவின் கடிதம் கசெட்டில்தான் வரும். அப்போது சவூதியில் ஆள் உள்ள எல்லா வீட்டிலும் அப்படித்தான். லீவில் வருகிற யாராவது கையில் கொண்டுவந்து தருவார்கள். கசெட் வந்தால் ஹோலில் கதிரைகளைப் போட்டு, பெட்டியை நடுவில் வைத்து, உம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டார் எல்லோரும் இருந்து கேட்பார்கள். முதல் பக்கம் முழுக்க ஸலாம்தான். யாருடைய பெயரும் தவறக்கூடாது. தவறினால் அடுத்த ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. மச்சிக்குக் கிடைப்பது ஒரு வரி: "றலியா, சுகமா? புள்ளயப் பாத்துக்க." பதில் கசெட் பேசும்போதும் அதே கூட்டம். மச்சி பெட்டிக்கு முன்னால் குனிந்து, "நாங்க சுகம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார். ரபீகா வாப்பா என்றால் பெட்டி என்றே நினைத்திருந்தது.

எண்பத்தெட்டு ஜூனில் வந்த கசெட்டில், ஸலாமெல்லாம் முடிந்த பிறகு நானா தொண்டையைச் செருமினார்.

"றலியாட்ட ஒரு விசயம் கேக்கணும். ஆனா... சரி, பொறவு பாப்பம்."

அவ்வளவுதான். ஹோலில் இருந்த பதினாறு தலையும் மச்சியின் பக்கம் திரும்பின.

"என்ன விசயமாம்?" என்றார் உம்மா.

"எனக்கு எப்புடி மாமி தெரியும்?"

மூன்று நாள் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் வேறு பேச்சில்லை. ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். நான்காம் நாள் மச்சி கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஹபீலா, காதுல வச்சிக் கேக்கிற ஒன்டு ஈக்காம். அது நல்லதா வாங்க எவ்வளவு போகும்?"

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. என் வாய்க்குப் பயந்து ஒழுங்கையில் நாய்கூடச் சுற்றிப் போகும் என்பார்கள். ஆனால் மச்சியிடம் எனக்கு ஓர் ஒட்டு. உம்மா ஏசும்போது மச்சி எனக்காகவும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்வார். அதனால் உடனே கிளம்பினேன். கட்டுகஸ்தோட்டையில் நடைபாதைக் கடையில் நாற்பத்தைந்து ரூபாவுக்கு ஒன்று வாங்கிவந்தேன். பழைய கசெட்டைப் போட்டு இருவரும் மாறிமாறிக் கேட்டோம். பன்னிரண்டாம் நாள் ஒரு காது செத்தது. மற்றக் காதில் கேட்கவேண்டுமானால் கழுத்தைச் சரித்து, வயரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும்.

"நீ இதத் தட்டிப் பாத்தியா?" என்று மட்டும் மச்சி கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

ஆகஸ்டில் இருவரும் டவுனுக்குப் போனோம். மச்சியின் கையில் நூற்றைம்பது ரூபா இருந்தது, பாவாடை தைத்த காசு. உம்மாவிடம் நூல் வாங்கப் போவதாகச் சொன்னோம். சந்தைக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே தம்பிராஜா என்பவரின் ரேடியோக் கடை இருந்தது. யாழ்ப்பாணத்து ஆள். எண்பத்து மூன்றுக்கு முந்தி அதே தெருவில் பெரிய கடை வைத்திருந்தவர். எரிந்தபிறகு ஊருக்குப் போய், அங்கேயும் இருக்கமுடியாமல் திரும்பிவந்து, படிக்கட்டுக்குக் கீழே குந்தியிருந்தார். எழும்பினால் தலை இடிக்கும். அதனால் எழும்பாமலே வியாபாரம் செய்வார்.

மூன்று இயர்போன்களை எடுத்து வைத்தார். ஒன்று அறுபது. ஒன்று நூற்று நாற்பது. ஒன்று வர்ணப் பெட்டியில், முந்நூறு. மச்சியின் கண் வர்ணப் பெட்டிக்குப் போனது.

"பெட்டியின்ர வடிவுக்குக் காசு குடுக்காதேங்கோ," என்றார் தம்பிராஜா. "பிளக்கில இருந்து வயர் வெளிக்கிடுற இடத்தைப் பாருங்கோ. எல்லாம் சாகிறது அதிலதான். அதில றப்பர் மெத்தெண்டு வளையவேணும். விறைச்சு நிண்டால் உள்ளுக்கு அறுந்துபோம்."

மச்சிக்கு இது பிடித்துவிட்டது. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கழுத்தை முப்பது முறை இந்தப் பக்கம், முப்பது முறை அந்தப் பக்கம் வளைத்தார். இன்னொரு கடைக்காரர் என்றால் பிடுங்கி வைத்திருப்பார். தம்பிராஜா கன்னத்தில் கைவைத்து ரசித்துப் பார்த்தார். அறுபது ரூபாச் சாமான் அப்போதே வெளியேறிற்று.

பிறகு ஒரு பாட்டைப் போட்டுக் காதில் வைத்தார். மச்சி இரண்டையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் நல்லாத்தான் ஈக்கிது" என்றார்.

"ஓம், பாட்டு ஏமாத்தும் தங்கச்சி. ஆள் பேசிறதைப் போட்டுக் கேளுங்கோ. பேசிறவரை எல்லாத்திலயும் கேக்கும். அவருக்குப் பின்னால என்ன கேக்குதெண்டு பாருங்கோ. பின்னால உள்ளது கேட்டால் சாமான் நல்லது."

மச்சி பையைத் திறந்து நானாவின் பழைய கசெட்டை எடுத்தார். அதைக் கொண்டுவந்திருந்தது எனக்கே தெரியாது. முந்நூறு ரூபாச் சாமானில் நானாவின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருந்ததாம். நூற்று நாற்பதைப் போட்டதும் மச்சியின் முகம் மாறியது.

"பின்னால ஒராள் இருமுறாரு," என்றார். "இன்னொருத்தர் பீங்கான் கழுவுறாரு. யாரோ சிரிக்கிறாங்க."

"அதை எடுங்கோ," என்றார் தம்பிராஜா.

எங்கள் வீட்டுப் பெட்டி பழையது, இதை அப்படியே செருகினால் ஒரு காதில்தான் கேட்கும் என்று சொல்லி, பிளக்கைக் கழற்றி ஈயம் வைத்து மாற்றிக் கொடுத்தார். கழுத்துக்கு நூல் சுற்றிப் பசை தடவினார். "வேலைக்குக் காசு வேண்டாம். வயர் அறுந்தால் கொண்டு வாங்கோ." அந்த வயர் அறுந்தால்தானே கொண்டுபோக. அந்த மனிதருக்கு என் கலியாணத்துக்குப் புரியாணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைவிட நிறையக் கொடுத்திருக்கவேண்டும்.

திரும்பும்போது, அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பியிருந்த சிங்களப் பொடியன்களிடமிருந்து, கடைகளைப் பூட்டச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. படபடவென்று கதவுகள் விழுந்தன. பஸ் கட்டுகஸ்தோட்டையோடு நின்றது. மடவளைக்கு நடந்தோம். பாலத்தடியில் ஓர் ஆமிக்காரன் பையைத் திறக்கச் சொன்னான். வயரைக் கண்டதும் அவன் முகம் இறுகியது.

"மே மொகத?" என்றான், இது என்ன என்று.

"சிந்து அஹன்ன," என்றார் மச்சி. பாட்டுக் கேட்க. அது பொய், பாட்டுக்காக இல்லையே. அவன் அதைக் காதில் மாட்டி, வெறும் வயரை ஆட்டிப் பார்த்து, "கீயத?" என்று விலை கேட்டான். சொன்னோம். மலிவு என்று தலையாட்டித் திருப்பித் தந்தான். அதற்குப் பிறகு மச்சி அதைச் சீலைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தார்.

நானாவுக்கு நான் எழுதுகிற கடிதத்தின் அடியில் மச்சி ஒரு வரி சேர்த்தார்: இனி இரண்டாம் பக்கத்தில், ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் விட்டுவிட்டுப் பேசுங்கள். செப்டம்பர் கசெட் அப்படியே வந்தது. ஹோலில் இரண்டாம் பக்கத்தைப் போட்டார்கள், ஒன்றுமில்லை, நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மச்சி அறைக்குள் இருந்து இயர்போனில் கேட்டார். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. என்னவென்று எனக்குச் சொல்லவில்லை. பிறகு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றாவது முறை இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கவா, ஜனவரியில் வந்துவிடவா என்று நானா கேட்டிருந்தார். நவம்பருக்குள் கொம்பனிக்குச் சொல்லவேண்டும். "நீ சொல்றதுதான்" என்றிருந்தார்.

பதிலைக் கடிதத்தில் எழுதுங்கள் என்றேன், மச்சி மாட்டேன் என்றார்; பேசவோ வீட்டில் இடமில்லை. கேட்பதற்கு இயர்போன் போதும், பேசுவதற்கு வாய் திறக்கவேண்டுமே. "நான் பாத்துக்கிறேன்" என்றேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சி ஹோல் பெட்டியை அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். நான் உரலை இழுத்து அறை ஜன்னலுக்குக் கீழே போட்டு மிளகாய் இடித்தேன். உம்மா வந்து கேட்டதற்கு ஏதோ ஒரு பொய் சொன்னேன். மறுநாள் காலையில் அந்தக் கசெட் லீவு முடிந்து போகிற ஒருவரின் கையில் சவூதிக்குப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து மச்சி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கத்தி நின்றது.

"ஹபீலா, அந்த இருமல்."

"எந்த இருமல்?"

"கடையில கேட்டேனே. உங்கட நானாட அறையில எத்தின பேர் ஈக்கிறாங்க?"

"எட்டுப் பேர்," என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கும் விளங்கிவிட்டது. இருவரும் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எட்டுப் பேரும் மடவளை, அக்குறணை, தெல்தெனியாப் பக்கத்து ஆட்கள். இங்கே ஹோல் எப்படியோ அங்கே அறையும் அப்படித்தான். ஒருவருக்குக் கசெட் வந்தால் எல்லோரும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு சுற்றி இருந்து கேட்பார்கள், தங்களுக்கு ஸலாம் வருகிறதா என்று. மச்சி தன் காதுக்கு நாற்பது நாள் யோசித்து, முப்பது முறை வளைத்துப் பார்த்து வாங்கினார். நானாவின் காதை நாங்கள் இருவரும் நினைக்கவேயில்லை. இவ்வளவு சோதித்து வாங்குகிற மனுசி, பின்னால் இருமுகிறவரைக் கேட்டும் விட்டுவிட்டார்.

கடிதம் போட்டால் போய்ச்சேர வாரக்கணக்காகும், அதனால் இன்னோர் இயர்போன் வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்பப் பார்த்தோம். ஊரடங்கு, ஹர்த்தால், பஸ் இல்லை. கடை திறந்தபோது சவூதிக்குப் போக ஆள் இல்லை. மச்சிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஊர் முழுக்கத் தெரியப்போகிறது என்று பயந்தார். நான் தேற்றினேன். அப்படி என்னத்தைப் பேசிவிட்டார், புருசனிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசியிருப்பார், சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று நினைத்தேன்.

நவம்பர் கடைசியில் நானாவின் கடிதம் வந்தது. கையெழுத்து வைக்கவில்லை, ஜனவரியில் வருகிறேன் என்று. உம்மா தலையில் கைவைத்துக் கதிரையில் விழுந்தார். மாடி? ஹபீலாவின் கலியாணம்?

"நான்தான் வரச் சொன்னன் மாமி," என்றார் மச்சி. எல்லோருக்கும் முன்னால், நிமிர்ந்து நின்று.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. வெயிலில் நின்று மிளகாய் இடித்தவள் நான். உம்மாவிடம் பொய் சொன்னவள் நான். என் கலியாணத்தை உடைக்கிற பேச்சுக்கு நானே காவல் நின்றிருக்கிறேன். பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிப் பேச்சை முறித்தார்கள். அன்றிலிருந்து மச்சியோடு நான் பேசவில்லை. ஒரே அடுப்படி, ஒரே அடுப்பு. நடுவில் ரபீகா. "உன்ட உம்மாட்டக் கேளு, உப்பு எங்கண்டு," என்பேன். நாலு வயதுப் பிள்ளை இரண்டடி நடந்துபோய்க் கேட்டுவந்து சொல்லும். மச்சி ஒரு நாளும் திருப்பிக் கோபிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜனவரியில் நானா வந்தார். டவுனில் ஒரு வேன் எடுத்து ஓடத் தொடங்கினார். நானாவோடு பேசினேன், மச்சியோடு இல்லை. மார்ச்சில் ஒரு நாள் எங்கள் ஊரின் மேற்பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். மகன் லாபிர், நானாவோடு ஒரே அறையில் இருந்தவராம், லீவில் வந்திருக்கிறாராம். என்னைப் பெண் கேட்டு வந்திருந்தார்.

"எங்களுக்கு மாடி வாணாம், காசும் வாணாம்," என்றார். "மகன் சொல்லிட்டான், இந்தப் புள்ளதான்டு."

உம்மா சந்தேகத்தோடு பார்த்தார். எனக்கும் சந்தேகம்தான். சீதனம் வேண்டாம் என்றால் ஆளுக்கு ஏதும் குறை இருக்கவேண்டும். அவர்கள் போனபிறகு நானாவைப் பிடித்துக் கேட்டேன்.

"அவருக்கு என்னயத் தெரியாதே. எங்க கண்டாராம்?"

"காணல்ல. கேட்டீக்கிறான்," என்றார் நானா.

"என்னத்தக் கேட்டார்?"

நானா சிரித்தார். அந்தக் கசெட்டை அறையில் போட்டபோது எட்டுப் பேரும் சுற்றி இருந்தார்களாம். மச்சி பேசத் தொடங்கியதும் நானா பாய்ந்து நிறுத்தப் போனாராம். அவர்களில் வயதில் மூத்தவர் நானாவின் கையைப் பிடித்து, "நிப்பாட்டாத, எங்கட வீட்டுலயும் இதத்தான் சொல்ல நினைச்சீப்பாங்க" என்றாராம். முடிந்தபிறகு ஒருவரும் கேலி பண்ணவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பேர் வெற்றுக் கசெட் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊரில் ஒரு மனுசரும் இதை வைத்துச் சிரிக்கவில்லை, அந்த எட்டுப் பேருக்கும் அல்லாஹ் நல்லதைக் கொடுக்கட்டும்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டு நின்ற மச்சி அறைக்குள் போனார். பெட்டியையும் இயர்போனையும் ஒரு கசெட்டையும் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கசெட்டின் முதுகில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் முனைகள் இரண்டும் உடைக்கப்பட்டிருந்தன. அதை உடைத்தால் அதன்மேல் வேறு ஒன்றும் பதிய முடியாது. மற்றக் கசெட்டெல்லாவற்றையும் திரும்பத் திரும்ப அழித்துப் பேசிய என் நானா, இதை மட்டும் அப்படி வைத்திருந்தார்.

இயர்போனை மாட்டினேன். மச்சியின் குரல் காதுக்குள் வந்தது. இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

"மூணாவது முறை கையெழுத்து வைக்க வாணாம். வந்திருங்க. புள்ள உங்கள பெட்டிண்டு நினைச்சீக்கி. மாடி வாணாம். நான் தைக்கிறேன், நீங்க வேன் ஓடுங்க, ஹபீலாட கலியாணத்த நம்ம ரெண்டு பேருமா செய்வம். மாடியப் பாத்து வார மாப்பிள அவளுக்கு வாணாம். மாடிய எடுத்துக்கிட்டு இவள வேலக்காரியா வச்சீப்பாங்க. அவளுக்கு வாய் நீளம், மெய்தான். ஆனா இந்த வீட்டுல எனக்காகப் பொய் சொல்ல ஒருத்தி ஈக்கிறாண்டா அவதான். அவ இல்லாட்டி நான் எப்பவோ கம்பளைக்கிப் போயீப்பேன். நான் சொல்றது தெரிஞ்சா கோபிப்பா. கோபிக்கட்டும். அவ நல்லா ஈந்தாப் போதும்."

பிறகு மச்சி மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டொம், டொம் என்று. தம்பிராஜா சொன்னது நினைவுக்கு வந்தது. பேசுகிறவருக்குப் பின்னால் கேட்டேன். உரல். சத்தம் நின்றது. தூரத்தில் உம்மாவின் குரல் ஏதோ கேட்டது. அதற்கு மேலால், தெளிவாக, மிளகாய்க் காரத்தில் தும்மிக்கொண்டு, என்னுடைய குரல்.

"மச்சிக்குத் தலவலி உம்மா. தூங்குறா. சத்தம் போடாதீங்க, பாவம்."

டொம், டொம் என்று மறுபடியும் இடி தொடங்கியது. கசெட் ஓடி முடியும்வரை நான் இடித்துக்கொண்டே இருந்தேன்.

அலுமாரியில் இருப்பது அந்த இயர்போன்தான். என் கலியாணத்தன்று மச்சி எனக்குத் தந்தது. லாபிர் இப்போதும் சில வேளை கேட்பார், அன்றைக்கு எவ்வளவு மிளகாய் இடித்தாய் என்று. ஒரு கிலோ என்பேன். அரைக்கிலோதான்.

ஆனால் அந்த மார்ச் மாதப் பகலில் நான் உடனே எழும்பவில்லை. மச்சியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இயர்போனைக் கழற்றாமல் இருந்தேன். கசெட் நின்று வெகுநேரம். அடுப்படியில் மச்சி ரபீகாவிடம் மெல்லச் சொல்வது ஸ்பொஞ்சுக்குள்ளாலும் கேட்டது.

"போய் ஹபீலா மாமிட்டக் கேளு, உப்பு எங்கண்டு."

பிள்ளை என்னிடம் வந்தது. இயர்போன் கழுத்தில் தொங்க எழும்பிப் போய், சுவர்த் தட்டிலிருந்த உப்புப் போத்தலை எடுத்து மச்சியின் கையில் கொடுத்தேன்.

"இந்தாங்க மச்சி," என்றேன்.